7 மாதம், ஒரு பொத்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் சிறப்பாசிரியருக்கு வேலையில் நிறைவு தருவது சம்பளமா, அவர் நம்பும் மதிப்பீடுகளா? மதிப்பீடுகளே என்கிறது எங்கள் அணி.

என் மாணவன் ஒருவன் 7 மாதத்தில் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டான் என்று எங்கள் அணித் தலைவர் ஒரு வரி சொன்னார். உடனே எதிரணி நண்பர், "ஒரு பொத்தான் போடக் கற்றுக்கொடுக்க 7 மாதமா? அம்மா போட்டுவிட்டால் அரை நிமிடம்!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

சரி, அந்தப் பொத்தான் கதையை முழுதாகவே சொல்கிறேன். பேச்சிப்பாறைப் பக்கம் 11 வயதுப் பையன். மூளை முடக்குவாதம். பள்ளிக்கு வர முடியாததால் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தேன். அப்பா ரப்பர் பால்வெட்டுக்கு இருட்டோடு போய்விடுவார். பழைய சட்டை ஒன்றில் துளையைப் பெரிதாக வெட்டி, பெரிய பொத்தான் தைத்தேன். முக்கால்வாசி நான் நுழைத்துவிடுவேன், கடைசி இழுப்பு மட்டும் அவனுக்கு. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது எங்கள் முறை. அப்போதுதான் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாக இருப்பான். அந்த இழுப்புக்கே 2 மாதம்! அப்புறம் பாதி நுழைப்பது. விரல் நடுங்கும், எச்சில் வழியும், நூல் அறும், மறுபடி தைப்பேன். ஒரு மழை நாளில் பொத்தான் முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, அடுத்த பொத்தானைத் தேடினான். அடுக்களை வாசலில் நின்ற அம்மா "டீச்சரே" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

நண்பரே, அம்மா அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். அவனுக்கு 20 வயதாகும்போதும் போடுவார். 40 வயதில்? அந்தக் கை ஓய்ந்த பிறகு யார் போடுவார்?

சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொகுப்பூதியத்தில் மாதக் கடைசியில் கடன் வாங்கியவள் நான். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற கணக்கை 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நடக்கட்டும், ஊதியமும் உயரட்டும், சேர்ந்தே கேட்போம். ஆனால் அந்த மழை நாளில் என் கையில் இருந்தது பேருந்துக்கான சில்லறை மட்டும்தான். வீடுவரை அழுதுகொண்டே போனேன், சந்தோஷத்தில்.

போன வாரம் குலசேகரத்தில் இருவரையும் பார்த்தேன். பையன் அப்பாவின் சட்டையைப் போட்டிருந்தான், முழங்கால்வரை தொங்கியது. ஒரு பொத்தான் துளை மாறியிருந்தது. "சரியாக்க விடமாட்டேங்கான் டீச்சரே" என்றார் அம்மா. அவன் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான். நான் எண்ணினேன். 6 பொத்தான்.

நன்றி, வணக்கம்.