தவளைக்கு உடம்பு சரியில்லை என்றால்

வணக்கம் நேயர்களே. சிட்னியில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று பச்சை மரத்தவளை வளர்க்கும் வீடுகளுக்காகப் பேசுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் அதற்கு உரிமம் வேண்டும். அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் தோலில் படுவதெல்லாம் உள்ளே போகும். மஞ்சள் போடலாமா, டெட்டால் ஊற்றலாமா என்று நமக்குக் கை துறுதுறுக்கும், தயவுசெய்து வேண்டாம். குழாய்த் தண்ணீரையும் குளோரின் நீக்காமல் ஊற்றாதீர்கள்.

நலமாக இருக்கும் மரத்தவளை பகலில் கைகால்களை உடம்போடு மடக்கி, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தூங்கும். அது பட்டப்பகலில் வெட்டவெளியில் பின்னங்கால்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தால், இரையைத் தொடாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஈரக் கையுறையோடு மெதுவாக மல்லாத்திப் பாருங்கள், நல்ல தவளை சட்டென்று புரண்டுவிடும். அப்படியே கிடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியதுதான், அதுவும் தவளை பார்த்துப் பழகியவரிடம்.

வாயைத் திறந்து திறந்து மூடி, முதுகை வளைத்து, தன் தோலையே இழுத்து விழுங்குவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது வழக்கமான தோலுரிப்பு, சாப்பாடு வீணாகாத ஏற்பாடு! ஆனால் உரிந்த தோல் உடம்பிலேயே திட்டுத்திட்டாகத் தொங்கினால், தண்ணீரில் துணுக்குகளாக மிதந்தால், கைட்ரிட் பூஞ்சையாக இருக்கலாம். 1998இல்தான் இதை அடையாளம் கண்டார்கள். பூஞ்சை தோலைக் கெடுப்பதால் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. மருத்துவர் பஞ்சுக்குச்சியால் தோலைத் தடவிச் சோதனைக்கு அனுப்புவார். உறுதியானால் இட்ராகொனசோல் என்ற மருந்தை நன்றாக நீர்க்கவைத்து, தினமும் சில நிமிடம் தவளையை அதில் உட்காரவைப்பார்கள், பத்து நாள் போல. அளவு மிஞ்சினால் மருந்தே கொன்றுவிடும், நீங்களாகக் கலக்காதீர்கள்.

தொடையின் உட்பக்கமும் வயிறும் சிவந்திருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா இரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள், அழுக்குத் தொட்டியில் அடிக்கடி வருவது. அதற்கு ஆன்டிபயாடிக், சில சமயம் தோலில் சொட்டாகவே விடுவார்கள். அப்புறம், தாடை தொளதொளத்துக் கால் வளைந்தால் கால்சியம் குறைவு. கிரிக்கெட் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் வராது.

மருத்துவரைப் பார்க்கும்வரை நோயாளியைத் தனிப் பெட்டியில், ஈரமான காகிதத் துண்டின் மேல் வையுங்கள், காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். பழைய தொட்டித் தண்ணீரைத் தோட்டத்திலோ தெருவோர மழைநீர் வடிகாலிலோ கொட்டாதீர்கள், அது ஓடைக்குப் போய் அங்குள்ள தவளைகளுக்கும் தொற்றும். பிளீச் கலந்து கொஞ்ச நேரம் வைத்திருந்து கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள்.