மணியாட்டுகிற ஐயாவுக்கு என்ன பயிற்சி?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, எல்லாருக்கும் வணக்கம். கச்சான் கொறிக்கிறவர்கள் கொறித்துக்கொண்டே கேட்கலாம்.

குடும்ப வன்முறையைத் தடுக்க முதலில் பயிற்சி கொடுக்க வேண்டியது மதத் தலைவர்களுக்கா, பொலிசாருக்கா? மதத் தலைவர்களுக்குத்தான். எதிரணித் தம்பி கேட்டார், "மணியாட்டுகிற ஐயாவுக்கு என்ன பயிற்சி, இனி விபூதித் தட்டில் விலங்கும் வைப்பாரோ?" என்று. நானும் சிரித்தேன்.

சரி தம்பி, எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் கதையைக் கேளுங்கள். பக்கத்து வளவு அக்கா கண் வீங்கிப்போய்க் கோயில் பூசகர் கப்புகனாரிடம் போனார். "கிணற்றடியில வழுக்கிட்டன் ஐயா." விபூதி போட்டு, இடக்கையில் நூல் கட்டி, "பொறுத்துப் போ மகள்" என்று அனுப்பினார். அடுத்த மாதம் உதடு வெடித்திருந்தது. அதே கிணறு, இரண்டாவது நூல். மூன்றாம் தரம் இடக்கையே முறிந்து மாவுக்கட்டு, நூல் கட்ட இடமில்லை. ஐயா விடுவாரா? வலக்கையைப் பிடித்தார்!

இதில் என்ன விசேஷம் தெரியுமா, அந்த வீட்டில் கிணறே இல்லை. குழாய்த் தண்ணி! ஊருக்கே தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதவான் பாதுகாப்புக் கட்டளை போடலாம், பொலிசாரே அடிபட்டவளுக்காக மனுப் போடலாம், பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938க்கு அழைக்கலாம். எல்லாம் சரி. ஆனால் அக்கா மூன்று தரமும் போனது கோயிலுக்குத்தானே? மௌலவியிடமும் பாதரிடமும் போகிறவர்கள் இதே கிணற்றைத்தான் சொல்கிறார்கள். ஐயாவை விலங்கு மாட்டச் சொல்லவில்லை தம்பி. புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரிக்காதீர்கள், அவள் சொன்னதை அவனிடம் போய்ச் சொல்லாதீர்கள், "பொறுத்துப் போ" என்பதை விட்டுவிட்டு "வீட்டுக்குப் போகப் பயமா மகள்?" என்று கேளுங்கள், அந்த 1938ஐக் கொடுங்கள். இதற்குத்தான் பயிற்சி.

வைகாசியில் இதே ஐயா குளிர்த்தி பாடுகிறார், கண்ணகியின் கோபத்தைத் தணிக்கிற பாட்டு. புருஷனுக்காக ஒரு நகரத்தையே எரித்துவிட்டு வந்தவளைப் பாடிப் பாடிக் குளிர வைக்கத் தெரிந்த மனிசன் அவர். இந்த முறை குளிர்த்தியன்று சனத்துக்குப் பின்னால் அக்கா நின்றார், தோளில் சின்னவன் நித்திரை. கட்டுக் கழற்றிய இடக்கை மெலிந்து கிடந்தது. வலக்கையில் அந்த மூன்றாவது நூல் சாயம் போய் அப்படியே. ஐயா தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார், அக்காவுக்குக் கிட்ட வந்ததும் கொஞ்சம் நின்றார், வாயைத் திறந்தார். பிறகு அடுத்த ஆளுக்குத் தெளித்தார்.

மணி அடித்துவிட்டார்கள், இறங்குகிறேன்.