ஆயாவும் கூட்டு வட்டியும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். கிறிஸ்தவப் பள்ளிகளில் பிள்ளைகளின் விசுவாசத்தை எப்படி வளர்ப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் போதகர் இல்லை. டர்பனில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரசங்கம் வராது, பயப்படாதீர்கள்.

நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. பள்ளிப் பலகையில் சிலுவை இருக்கிறது, காலையில் ஜெபம் நடக்கிறது, வாரம் ஒரு வசனம் மனப்பாடம். பிறகென்ன, பிள்ளை விசுவாசத்தில் தானாக வளர்ந்துவிடும்! தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு நாம் இப்படி நினைக்கலாமா? 1948-ல் இங்கே ‘கிறிஸ்தவ தேசியக் கல்வி’ என்று ஒரு கொள்கை அறிக்கை வந்தது. ஆப்பிரிக்கானர், அதாவது டச்சு வழி வந்த வெள்ளையர், அமைப்புகள் வெளியிட்டது. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். பிள்ளைகளை இனம் இனமாகப் பிரித்து வைக்க அதிலேயே நியாயமும் கண்டார்கள். அப்புறம் 1953-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக பாண்டு கல்விச் சட்டம், 1965-ல் நமக்கென்று தனியாக இந்தியர் கல்விச் சட்டம். வெள்ளைக்காரப் பள்ளிகளில் காலை ஜெபம் ஒரு நாளும் தவறவில்லை, ஐயா. வசனமும் சொன்னார்கள்.

அதே நாட்டில், அதே வேதத்தைப் படித்த வேறு பள்ளிகளும் இருந்தன. ஜோகன்னஸ்பர்க் ரோசட்டன்வில்லில் ஆங்கிலிக்கத் துறவிகள் நடத்திய செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில்தான், பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவரான ஆலிவர் தம்போ படித்தார். பிறகு அங்கேயே கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். (கணக்கு வாத்தியார் என்பதால் எங்கே போனாலும் இதைச் சொல்லிவிடுவேன்.) பாண்டு கல்வியை ஏற்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, அதற்குப் பள்ளியை மூடுவதே மேல் என்று மூடிவிட்டார்கள். 1976-ல் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் வெள்ளையர் பள்ளிக் கதவுகளை எல்லா நிறப் பிள்ளைகளுக்கும் திறந்தார்கள், சட்டத்தை மீறித்தான். பள்ளி யாரை உள்ளே விட்டது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. வேதப்பாடத்தில் நாம் என்ன சொன்னாலும், கண்ணால் பார்த்ததைத்தான் அது நம்பும்.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். அந்த வெள்ளிக்கிழமை நம்மூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் சபைகளில் ஆராதனை, இன்னொரு பக்கம் டர்பன் பக்கத்து இசிபிங்கோ ரெயில் என்ற பகுதியில் மாரியம்மன் கோயிலில் கூட்டம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் கார் கிளம்பும். பத்தாம் வகுப்பில் கூட்டு வட்டி நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். “சார், எங்க ஆயா (பாட்டி) கோயிலுக்குப் போறாங்க. அவங்க நரகத்துக்குத்தான் போவாங்கன்னு சண்டே ஸ்கூல்ல சொன்னாங்க. நீங்க என்ன சொல்றீங்க?” கேட்டது ஆங்கிலத்தில்தான். நம் பிள்ளைகள் எங்கே தமிழில் பேசுகிறார்கள்! அது தனிக் கதை, அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

‘இது கணக்குப் பாடம், உட்கார்’ என்று சொல்லியிருக்கலாம். வேதப்பாட ஆசிரியரிடம் அனுப்பியிருக்கலாம். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “ஆயாவைப் பற்றிச் சொல்லு” என்றேன். அம்மா துணி ஃபேக்டரிக்குப் போன காலத்தில் ஆயாதான் இவளை வளர்த்திருக்கிறார். விரத நாட்களில் ஆயாவுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்துக்கொடுப்பது இவள்தானாம். அப்படிச் சமைப்பது பாவமோ என்ற பயம்தான் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: “நான் இயேசுவை விசுவாசிக்கிறவன், அதை மறைக்க மாட்டேன். உன் ஆயாவுக்குத் தீர்ப்பு எழுதுகிற வேலையை ஆண்டவர் எனக்குக் கொடுக்கவில்லை. சமைத்துக்கொடுப்பதை நிறுத்தாதே.”

அன்றைக்குக் கூட்டு வட்டி முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்வியும் ஓயவில்லை. டைனோசரை ஆண்டவர் எந்த நாளில் படைத்தார் என்று கேட்டவனும் உண்டு. இப்படி விட்டால் பிள்ளைகளின் விசுவாசம் கரைந்துபோகும் என்று உடன் வேலை பார்த்தவர்கள் வருத்தப்பட்டார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்ட பிள்ளைகளில் சிலர் இன்று சபையில் இருக்கிறார்கள், சிலர் இல்லை. இல்லாதவர்களும் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள், இன்னும் கேட்கிறார்கள். வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்களில் சிலரோ, மாலில் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள், சர்ச்சுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவேனோ என்று. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

வரலாறு, அறிவியல் பாடங்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன்... இரண்டு நிமிடம்தான் என்கிறார்கள். பெற்றோருக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் மத வழிபாட்டுக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1996-ம் வருடத்துப் பள்ளிச் சட்டம் சொல்கிறது. தனியார் கிறிஸ்தவப் பள்ளியின் நிலைமை வேறு, அதனால் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது ஃபீஸ் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். இந்துப் பிள்ளை வந்தால் அதை எப்படி நடத்துவீர்கள்? நடுவில் அப்பாவுக்கு வேலை போனால் அந்தப் பிள்ளையை என்ன செய்வீர்கள்? கேளுங்கள். அப்புறம் உபாகமம் ஆறாம் அதிகாரம். பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிற அந்த இடத்தில் பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை. வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும் பேசச் சொல்கிறது. இதைத்தான் விரிவாக... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.