பொதுச் சொத்தில் கை வைத்த லைப்ரரி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வலைப்பக்கத்தில் பொத்தானை அழுத்துகிறீர்கள். பக்கம் முழுவதும் மறுபடி ஏறாமல் அந்த ஒரு மூலை மட்டும் மாறுகிறது. இன்றைக்கு இதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. 2005-இல் அது பெரிய விஷயம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கூகுள் மேப்ஸ் வந்தது. இழுத்த பக்கமெல்லாம் வரைபடம் நகர்ந்தது. அதே மாதம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த உத்திக்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். அதே மாதம்தான் சாம் ஸ்டீஃபன்சன், உலாவிக்குள் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில், ‘புரோட்டோடைப்’ என்ற லைப்ரரியை எழுதத் தொடங்கினார். இன்று அந்த லைப்ரரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது எப்படி வளர்ந்தது, ஏன் சரிந்தது, சரிந்த பிறகும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை அதுவும் அதன் சொந்தக்காரர்களும் எப்படிக் கட்டிப்போட்டார்கள் என்பது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம்.

லைப்ரரி என்றால் வேறொன்றுமில்லை. எல்லோரும் திரும்பத் திரும்ப எழுத வேண்டிய நிரல்களை ஒருவர் நன்றாக எழுதி ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுவது. அன்று அதற்குத் தேவை அதிகம். உலாவிகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 ஒரு மாதிரி நடந்துகொள்ளும், ஃபயர்ஃபாக்ஸ் இன்னொரு மாதிரி. சர்வரிடம் தகவல் கேட்க ஃபயர்ஃபாக்ஸில் நேரடி வழி இருந்தது; எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஏற்பாட்டின் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ஒரு கிளிக்கைக் கவனிக்க அங்கே ஒரு கட்டளை, இங்கே வேறு கட்டளை. எது கிளிக் செய்யப்பட்டது என்று கேட்கக்கூட இரண்டு பெயர்கள். ஒவ்வொரு டெவலப்பரும் ஒவ்வொரு பக்கத்திலும் இந்த வேற்றுமைகளைத் தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

புரோட்டோடைப் இதையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்போடு சேர்ந்தே வந்ததால், ரெயில்ஸ் பரவிய இடமெல்லாம் இதுவும் போய்ச் சேர்ந்தது. அதன் மேல் தாமஸ் ஃபூக்ஸ் எழுதிய ஸ்கிரிப்டாகுலஸ் ஏறி உட்கார்ந்தது. மெல்ல மங்கி மறைவது, இழுத்துப் போடுவது, எழுத எழுதப் பரிந்துரை காட்டுவது எல்லாம் ஓரிரு வரிகளில் கிடைத்தன. ஆப்பிள் நிறுவனத்தின் தளமே இவற்றைப் பயன்படுத்தியது.

அதன் இனிமை எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். டாலர் குறி போட்டு ஒரு பெயரைக் கொடுத்தால் பக்கத்தில் அந்தப் பெயருள்ள உறுப்பு கையில் வந்துவிடும். பின்னாலேயே ‘ஹைட்’ என்று எழுதினால் அது மறைந்துவிடும். ஒரு அரே இருந்தால், அதாவது ஒரு பட்டியல் இருந்தால், ‘ஈச்’ என்று சொல்லி ஒவ்வொன்றாக நடந்து போகலாம். ‘ரிஜெக்ட்’ என்று சொல்லி வேண்டாததைக் கழிக்கலாம். எல்லாம் ரூபி மொழியின் வாசனை. இந்த வசதிகள் முதலிலிருந்தே ஜாவாஸ்கிரிப்டிலேயே பிறந்து வளர்ந்தவை போலத் தோன்றும். அப்படித் தோன்றச் செய்ததுதான் அதன் திறமை. பிறகு அதன் காலை வாரியதும் அதுவேதான்.

எப்படி அப்படித் தோன்றச் செய்தார்கள்? ஜாவாஸ்கிரிப்டில் எல்லா அரேக்களுக்கும் பொதுவாக ஒரு மூலப்பொருள் உண்டு. அதற்குப் பெயரே புரோட்டோடைப். லைப்ரரியின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அந்த மூலத்தில் ஒரு மெத்தடை, அதாவது ஒரு பொருளோடு சேர்ந்த கட்டளையை, சேர்த்தால், பக்கத்தில் இருக்கிற அத்தனை அரேக்களுக்கும், யார் எழுதிய அரேயாக இருந்தாலும், அந்த நொடியே அது கிடைத்துவிடும். எழுத்துச் சரங்களுக்கும், ஃபங்ஷன்கள் எனும் நிரல் துண்டுகளுக்கும் அப்படியே. இந்தப் பொது மூலத்தில் கை வைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகிற எல்லாக் கோளாறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன. வாடகை வீட்டின் சுவரை இடித்து அலமாரி கட்டியது போன்ற வேலை அது. கட்டியவருக்கு வசதிதான். ஆனால் சுவர் அவருடையது இல்லையே.

முதல் கோளாறு சாதாரணமானது. ஒரு அரேயில் ‘ஃபார் இன்’ என்ற சுழலைப் போட்டு நடந்தால், உள்ளே இருக்கிற மதிப்புகளின் வரிசை எண்களோடு ஈச், கலெக்ட், ரிஜெக்ட் என்று லைப்ரரி சேர்த்த மெத்தட் பெயர்களும் வரிசையில் வந்து நிற்கும். மூன்று பொருள் இருக்க வேண்டிய பட்டியலில் திடீரென முப்பது நாற்பது. அரேயில் அந்தச் சுழலைப் போடுவதே தவறு என்று லைப்ரரிக்காரர்கள் சொன்னார்கள். சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய விளம்பர நிரலும் ஓடுகிறது. அவருக்கு யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது, உறுப்புகள். பக்கத்தில் இருக்கிற பொத்தான், படம், பத்தி இவற்றின் மூலத்தில் மெத்தட் சேர்க்க ஃபயர்ஃபாக்ஸ் அனுமதித்தது. எக்ஸ்ப்ளோரர் 6, 7 இரண்டும் அந்த மூலத்தைக் காட்டவே இல்லை. ஆகவே புரோட்டோடைப் என்ன செய்தது என்றால், டாலர் குறி வழியாக ஒரு உறுப்பு கையில் வரும்போதெல்லாம் பல டஜன் மெத்தட்களையும் அந்த ஒரு உறுப்பின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டியது. ஆயிரம் கட்டங்கள் உள்ள அட்டவணை என்றால் ஆயிரம் முறை. பக்கம் மூச்சு வாங்கும். இதைவிடக் குழப்பமானது இன்னொன்று. டாலர் வழியாக வராமல், உலாவியின் சொந்தக் கட்டளையால் எடுத்த உறுப்பில் ‘ஹைட்’ என்று எழுதினால் ஃபயர்ஃபாக்ஸில் வேலை செய்யும். எக்ஸ்ப்ளோரரில், இந்தப் பொருளுக்கு அப்படியொரு மெத்தட் இல்லை என்று பிழை வரும். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் காலையில் புகார்களோடு விழித்தார்கள். இந்த அணுகுமுறை தவறு என்று அந்த லைப்ரரியின் மையக் குழுவில் இருந்த ஒருவரே 2010-இல் விரிவாக எழுதினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. தகவலை ஜேசன் வடிவில், அதாவது சர்வரோடு பரிமாறும் எழுத்து வடிவில், மாற்ற புரோட்டோடைப் 1.6 தன் வழக்கப்படி அரேயின் மூலத்தில் ‘டூஜேசன்’ என்று ஒரு மெத்தடை வைத்தது. அது ஆயத்த எழுத்துச் சரத்தைத் திருப்பிக் கொடுக்கும். பிறகு உலாவிகளே ஜேசன் வசதியைக் கொண்டு வந்தன. அந்த வசதி மாற்றத் தொடங்கும் முன், டூஜேசன் என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் அது தருகிற மதிப்பை எடுத்துக்கொண்டு மாற்றும். விளைவு, ஏற்கெனவே சரமானதை மறுபடியும் சரமாக்கி, மேற்கோள் குறி போட்டு அனுப்பிவிடும். சர்வர் இரண்டு எண்கள் கொண்ட பட்டியலை எதிர்பார்க்கும்; வந்து சேர்வது சதுர அடைப்புக்குறியோடு தொடங்கும் ஒரு வாக்கியம். எங்கும் பிழைச் செய்தி வராது. 1.7-இல் இதைச் சரிசெய்தார்கள். பழைய பதிப்பிலேயே இருக்க வேண்டியவர்கள் லைப்ரரி ஏறியவுடன் அரேயின் மூலத்திலிருந்து டூஜேசனை டெலிட் செய்துவிட்டுப் பிழைத்தார்கள்.

இதற்குள் ஜேகுவெரி என்ற போட்டி லைப்ரரி வந்துவிட்டது. ஜான் ரெசிக் 2006 ஜனவரியில் அறிமுகம் செய்து, ஆகஸ்டில் 1.0 வெளியிட்டார். அவர் மூலத்தில் கை வைக்கவில்லை. உறுப்புகளைத் தன் சொந்த உறைக்குள் போட்டு, மெத்தட்களை அந்த உறையில் வைத்தார். பொது இடத்தில் அவர் பிடித்த பெயர்கள் இரண்டே இரண்டு: ஜேகுவெரி, டாலர். டாலரையும் வேண்டுமானால் திருப்பிக் கொடுத்துவிட ‘நோகான்ஃப்ளிக்ட்’ என்று ஒரு கட்டளை. 2008 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் ஸ்டூடியோவோடு ஜேகுவெரியைத் தருவதாக அறிவித்தது. 2011 ஆகஸ்டில் ரெயில்ஸ் 3.1 வந்தபோது, புரோட்டோடைப் பிறந்த வீட்டிலேயே இயல்புநிலை லைப்ரரி ஜேகுவெரி ஆனது. புரோட்டோடைப்பின் 1.7.3 பதிப்பு 2015-இல் வந்தது. ஆனால் மஜென்டோ என்ற இணையக் கடை மென்பொருளின் முதல் தலைமுறையில் கட்டிய கடைகள் 2020 ஜூன் வரை அதிகாரபூர்வ ஆதரவோடு புரோட்டோடைப்பைச் சுமந்தன.

அந்தக் கடைகளில் பலரைக் குழப்பிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய தோற்றத்துக்காக, ஜேகுவெரியின் மேல் ஓடும் பூட்ஸ்ட்ராப் 3 என்ற வடிவமைப்பு லைப்ரரியைச் சேர்ப்பார்கள். மெனுவைத் திறந்து மூடினால், மெனு மட்டுமல்ல, அதைத் திறந்த பொத்தானும் சேர்ந்து காணாமல் போகும். பூட்ஸ்ட்ராப் மூடும்போது ‘ஹைட்’ என்ற நிகழ்வை, அதாவது மூடப்போகிறேன் என்ற அறிவிப்பை, எழுப்புகிறது. ஜேகுவெரி ஒரு நிகழ்வை எழுப்பிய பின், அந்த உறுப்பில் அதே பெயரில் மெத்தட் இருந்தால் அதையும் அழைக்கும். ‘சப்மிட்’ நிகழ்வை எழுப்பினால் படிவம் நிஜமாகவே போக வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. உறுப்பில் ஹைட் என்ற மெத்தடை யார் வைத்தது? புரோட்டோடைப். மூன்று லைப்ரரிகளும் தனித்தனியே சரியாகத்தான் நடந்துகொள்கின்றன. சிக்கும் உறுப்புகளில் மட்டும் ஹைட் என்ற பெயருக்கு ‘அன்டிஃபைன்ட்’, அதாவது எதுவுமில்லை, என்று மதிப்புக் கொடுத்தால் பொத்தான் திரும்பி வரும்.

இனி 2018-க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

புரோட்டோடைப்புக்குத் துணையாக ‘மூ எஃப்எக்ஸ்’ என்று ஒரு சிறு அசைவூட்ட நிரலை எழுதிய வலேரியோ புரோயெட்டி, 2006-இல் ‘மூட்டூல்ஸ்’ என்ற தனி லைப்ரரியை வெளியிட்டார். அதே வழக்கம்: பொது மூலத்தில் கை வைப்பது. தளங்களைக் கட்டும் மென்பொருளான ஜூம்லா 1.5 அதைத் தன்னோடு தந்ததால் எண்ணற்ற சிறு தளங்களில் போய் உட்கார்ந்தது. அதன் 1.6.0 பதிப்பு 2016 ஜனவரியில் வந்தது.

ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணத்தைத் தீர்மானிக்கும் டிசி39 குழு, பட்டியலுக்குள் பட்டியலாக இருப்பதைப் பிரித்து ஒரே பட்டியலாக்க ‘ஃபிளாட்டன்’ என்ற மெத்தடைக் கொண்டுவர முடிவு செய்தது. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்தார்கள். உடனே ஒரு ஜெர்மன் வானிலைத் தளம் உடைந்தது. மூட்டூல்ஸிலும் ஃபிளாட்டன் என்று ஒன்று இருந்ததுதான் காரணம். ஆனால், கேளுங்கள், மூட்டூல்ஸ் உலாவியின் ஃபிளாட்டனை அழித்துத் தன்னுடையதைத்தான் வைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் ஏன் உடைய வேண்டும்?

மூட்டூல்ஸ் தான் அரேயில் சேர்த்த மெத்தட்களையெல்லாம் ‘எலிமென்ட்ஸ்’ என்ற, பக்க உறுப்புகளின் தொகுப்பான, தன் இன்னொரு பொருளுக்கும் நகலெடுக்கிறது. நகலெடுக்க அது பயன்படுத்துவது, நான் முதலில் சொன்ன அதே ஃபார் இன் சுழல். அந்தச் சுழலின் கண்ணுக்கு நாம் சேர்த்தவை தெரியும். மொழியிலேயே பிறந்தவை தெரியாது, அவை மறைவாக வைக்கப்பட்டவை. மறைவாக இருக்கிற ஒரு பெயரில் புதிய ஃபங்ஷனைப் போட்டால் உள்ளடக்கம் மாறும், மறைவுத்தன்மை மாறாது. ஆக, உலாவியில் ஃபிளாட்டன் இருந்தால், மூட்டூல்ஸ் அதன் மேல் தன்னுடையதை வைத்தாலும் சுழலுக்கு அது தெரிவதில்லை. நகலெடுக்கும்போது விடுபடுகிறது. எலிமென்ட்ஸில் ஃபிளாட்டனைத் தேடுகிற நிரல் விழுகிறது.

முன்மொழிந்தவர் வேடிக்கையாக ‘ஸ்மூஷ்’ என்று மாற்றுப் பெயர் போட, உலகெங்கும் டெவலப்பர்கள் கொதித்தார்கள். செத்துப்போன லைப்ரரிக்காக மொழி ஏன் வளைய வேண்டும், அந்தத் தளங்கள் உடையட்டுமே என்றார்கள். நான் இதை ஏற்கவில்லை. அந்தத் தளங்களைக் கட்டியவர்கள் போய்விட்டிருக்கலாம். படிக்க வருகிறவர்கள் போகவில்லை. அவர்கள் கண்ணுக்கு உடைவது லைப்ரரி இல்லை, அவர்கள் உலாவி. மே மாதக் கூட்டத்தில் டிசி39 ‘ஃபிளாட்’ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது. 2019 இலக்கணத்தில் அது இடம்பெற்றது. இது முதல்முறையும் அல்ல. ஒரு சரத்துக்குள் இன்னொரு சரம் இருக்கிறதா என்று பார்க்கும் மெத்தடுக்கு ‘கன்டெய்ன்ஸ்’ என்றுதான் முதலில் பெயர். ஃபயர்ஃபாக்ஸ் 17-இல் மூட்டூல்ஸ் 1.2 பயன்படுத்திய தளங்கள் உடைந்தன. கடைசியில் அது ‘இன்க்ளூட்ஸ்’ ஆனது. நீங்கள் இன்று அந்தப் பெயரைத் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் காரணம் இதுதான்: பொது மூலத்தில் கை வைத்த ஒரு லைப்ரரி.

சரிந்தவற்றின் நல்ல பக்கத்தையும் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் இரண்டு நிமிடம்தான் என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஒரு ஃபங்ஷனை ஒரு பொருளோடு கட்டிவைக்க புரோட்டோடைப்பில் புழங்கிய ‘பைண்ட்’ அதே பெயரில், அதே வேலைக்கு, 2009 டிசம்பரில் வெளியான ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணத்திலேயே இடம்பிடித்தது.

இன்னும் புரோட்டோடைப் உள்ள தளத்தைப் பராமரிக்கிறவர்களுக்கு, வேகமாக. உலாவியில் கட்டளை தட்டிப் பார்க்கும் கன்சோலில் புரோட்டோடைப் டாட் வெர்ஷன் என்று கேட்டுப் பதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மதிப்புகள் கொண்ட ஒரு ‘செட்’ தொகுப்பை, அரேயாக மாற்றித் தரும் ‘அரே டாட் ஃப்ரம்’மிடம் கொடுத்துப் பாருங்கள். வெற்றுப் பட்டியல் வந்தால், பழைய புரோட்டோடைப் அந்த மெத்தடை மாற்றிவைத்திருக்கிறது. புதிய நிரல்கள் அங்கே சத்தமில்லாமல் தோற்கும். முதலில் 1.7.3-க்கு ஏறுங்கள். பிறகு, பல உறுப்புகளை ஒன்றாக எடுக்கும் புரோட்டோடைப்பின் இரட்டை டாலர் வரும் இடமெல்லாம் உலாவியின் சொந்த ‘குவெரி செலக்டர் ஆல்’ போடுங்கள், ஆனால் அது தருவது அரே இல்லை. ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் ‘மேப்’ வேண்டுமானால் அரேயாக மாற்றிக்கொள்ளுங்கள். ஈச் சுழலை நடுவில் நிறுத்தும் இடங்களில் ‘ஃபார் ஈச்’ உதவாது, ‘ஃபார் ஆஃப்’தான் வேண்டும்.

லைப்ரரி கோப்பை நீக்கும் நாளில் சர்வரையும் பாருங்கள். புரோட்டோடைப் ஒவ்வொரு ஏஜாக்ஸ் அழைப்போடும் ‘எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்’ என்ற தலைப்பை, அதாவது அழைப்போடு போகும் ஒரு குறிப்பை, அனுப்பிவந்தது. சர்வரை அழைக்க உலாவியே தரும் ‘ஃபெட்ச்’ கட்டளை அதைத் தானாக அனுப்பாது. சர்வர் அதைப் பார்த்துத்தான் துண்டுப் பக்கமா முழுப் பக்கமா என்று தீர்மானிக்கிறதென்றால், சிறு பெட்டிக்குள் முழுத் தளமும் வந்து விழும். அந்த ஒரு தலைப்பைக் கையால் சேர்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.