கூடை கனத்தால் போதும்

நேயர்களுக்கு வணக்கம். கண்டதும் வாங்கிவிடுகிற பழக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். என் வீட்டில் நான்கு டார்ச் லைட் இருக்கின்றன. இருட்டில் ஒன்றுகூட அகப்படாது, அது வேறு கதை.

ஒரு கூடையிலிருந்து தொடங்குகிறேன். 1937, அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரம். சில்வன் கோல்ட்மேன் என்று ஒரு கடைக்காரர். அவர் கடைக்கு வருகிறவர்கள் கூடை நிரம்பிக் கனத்ததும் பணம் கட்டப் போய்விடுவார்கள். இதைக் கவனித்தவருக்கு ஒரு மடக்கு நாற்காலியைப் பார்த்ததும் யோசனை வந்தது. அதற்குச் சக்கரம் மாட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கூடை வைத்தால்? தள்ளுவண்டி பிறந்தது.

வேடிக்கை இனிமேல்தான். யாரும் அதைத் தொடவில்லை! குழந்தையை வைத்துத் தள்ளியது போதாதா என்றார்கள் பெண்கள். ஒரு கூடையைத் தூக்க வலுவில்லாதவனா நான் என்று நினைத்தார்கள் ஆண்கள். கோல்ட்மேன் விட்டாரா? பல வயதில் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் சுற்ற வைத்தார். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள்.

இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். சொல்லாமல் என்ன செய்வது? அந்தக் கைவலிதானே அதுவரை நமக்குக் கணக்குப்பிள்ளை! போதும் என்று சொன்னது மூளை அல்ல, தோள்பட்டை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இதே வேலைதான். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனம் கொஞ்சம் சுருங்கும். கடன் அட்டையில் அது இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கக்காரர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1999-இல் அமேசான் காப்புரிமையே வாங்கியது. முகவரியைத் தட்டச்சு செய்யும் அந்த இரண்டு நிமிட அலுப்பும் போயிற்று.

அதனால், மன உறுதி வேண்டும் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. என்னிடமே அது கிடையாது. கூடையைத் திரும்பக் கனமாக்குங்கள், அவ்வளவுதான். போனில் சேமித்திருந்த அட்டை எண்ணை அழித்துவிட்டேன். அட்டை அடுத்த அறை அலமாரியில் இருக்கிறது. படுத்த பிறகு ஆசை வந்தால் எழுந்து போய் எடுக்க வேண்டும். பாதி நாள் எழுவதில்லை. அப்புறம் ஒரு நோட்டு. வேண்டியதைத் தேதி போட்டு எழுதி, ஒரு வாரம் கழித்துப் பார்ப்பேன். "நீலம், சின்னது, உடனே" என்று ஒரு வரி இருந்தது. என்ன நீலம், எதற்கு உடனே? இன்றுவரை தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தள்ளுபடியைப் பற்றிக் கொண்டுவந்த தாள் அப்படியே இருக்கிறது. போகட்டும். ஒன்றை மட்டும் விடக்கூடாது. கடன் ஏறியும் நிறுத்த முடியவில்லை, வாங்கியதை வீட்டாரிடம் ஒளித்து வைக்கிறோம் என்றால் அட்டையை அலமாரியில் வைப்பதெல்லாம் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். கிரேப்பெலின் என்ற ஜெர்மன் மருத்துவர் 100 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார், வெட்கப்பட ஒன்றுமில்லை. வணக்கம்.