பொம்பா வண்டியில் நம் வீட்டுப் பிள்ளை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் மலேசியாவில் உலு சிலாங்கூர் மாவட்டத்துக் கெர்லிங் பட்டணத்துக்காரன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் கோல குபு பாருவில் இருக்கும் தீயணைப்பு மீட்புக் கழகத்தில் பயிற்சியை முடித்தான். அணிவகுப்பைப் பார்க்க அவனுடைய தாய் என்னையும் அழைத்துப் போனார். திடலில் வரிசை வரிசையாக இளைஞர்கள், எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி. "சார், இதில் என் பிள்ளை எங்கே?" என்று அந்த அம்மா பதறிப்போய்க் கேட்டார். இடது தோளைச் சற்றே தூக்கி நடக்கும் நடையை வைத்து நான்தான் கண்டுபிடித்துக் காட்டினேன். முதலாம் ஆண்டில் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே அவனுக்கு அந்த நடை. அம்மா அதன்பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்தப் பையனின் பாட்டனாரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் புகை வீட்டில் நெருப்புக் காத்தவர் அவர். கித்தா, அதாவது ரப்பர், பால் வெட்டிய காலத்தை அறிந்தவர்களுக்குப் புகை வீட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து அழுத்தி, ஈர ஷீட்டுகளைக் கழிகளில் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிடுவார்கள். கீழே கித்தா விறகு எரியும். புகையும் சூடும் மேலே ஏறி, நான்கைந்து நாளில் ஷீட் தேன் நிறத்துக்கு வந்துவிடும். சூடு 60 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், கூடினால் ஷீட் கெட்டுப்போகும். இரவு முழுக்க விழித்திருந்து, ஒரு கட்டையைத் தள்ளுவதும் ஒரு கட்டையை இழுப்பதுமாக அந்தப் பெரியவர் நெருப்போடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் விடியற்காலையில் கழியிலிருந்து ஒரு ஷீட் நழுவி அடுப்பில் விழுந்துவிட்டது. கித்தா பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு எளிதில் கட்டுப்படாது. தார் போன்ற கரும்புகை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் வந்து மூடியது. ஆண்களும் பெண்களும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், ஈரச் சாக்கை வீசினார்கள். பொம்பா வண்டி, அதாவது தீயணைப்பு வண்டி, மண் சாலையில் சிக்கித் தவித்து வந்து சேர்ந்தபோது புகை வீட்டின் இரும்புக் கதவு மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. இன்னும் பத்துக் கழி ஷீட்டையாவது காப்பாற்றலாம் என்று இளவட்டங்கள் உள்ளே பாயப் போனார்கள். அந்தப் பெரியவர் வாசலில் கையை விரித்து நின்று ஒருவரையும் விடவில்லை. "கித்தா மறுபடியும் காய்க்கும்" என்று தவறாகச் சொல்லி, பிறகு "பால் மறுபடியும் ஊறும், நீங்கள் ஊறுவீர்களா?" என்று அதட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் குரல் இன்னமும் காதில் இருக்கிறது.

பேரனிடம் பயிற்சியில் எது மிகவும் கடினம் என்று கேட்டேன். ஏணி ஏறுவதையோ கொளுத்தும் வெயிலில் ஓடுவதையோ சொல்வான் என்று நினைத்தேன். "வெளியே வருவதுதான் சார்" என்றான். முதுகில் காற்று உருளை, முகத்தில் மூடி, கண்ணுக்கு எதுவும் தெரியாத புகை. சுவரிலிருந்து கையை எடுக்காமல், கூட்டாளியை விட்டுப் பிரியாமல், தவழ்ந்து தேட வேண்டும். உருளையில் காற்று குறைந்ததும் சீட்டி ஒலிக்கும். அதுவரைக்கும் காத்திருக்கவே கூடாது, திரும்பி வரும் வழிக்கும் சேர்த்துக் காற்றைக் கணக்குப் பண்ணி வைத்திருக்க வேண்டும். இன்னும் ஓர் அறைதான் பாக்கி என்று மனம் இழுக்குமாம். அந்த மனத்தை அடக்கத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்களாம். பாட்டனார் வாசலில் விரித்த கைகளை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இருப்பவர்களின் அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2018 அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங் பக்கம் கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குட்டையில் விழுந்த பதினேழு வயதுப் பையனைத் தேடி இறங்கிய தீயணைப்பு வீரர்கள் ஆறு பேர் நீர்ச்சுழலில் சிக்கி இறந்தார்கள். ஆறு பேரும் நீரில் மீட்புக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். அன்றிரவு நாட்டில் உறங்காத வீடுகள் பல. ஆகவே, சீருடை அணிந்த மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு தாய் கண்ணைத் துடைத்தால், அதை ஆனந்தக் கண்ணீர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொம்பா என்ற சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து மலாய்க்கு வந்தது. பம்பு என்று பொருள். 1883இல் கோலாலம்பூரில் தொண்டர்கள் சேர்ந்து தீயணைப்புப் படையைத் தொடங்கிய காலத்தில் பம்பும் வாளியும்தான் வேலை. இன்று வேலை எவ்வளவோ விரிந்துவிட்டது. சாலை விபத்தில் நசுங்கிய வண்டியை வெட்டுவதும், வெள்ளத்தில் படகு விடுவதும், வீட்டுக்குள் புகுந்த மலைப்பாம்பைப் பிடிப்பதும் அவர்கள்தான். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்துப் பத்தாங் காலியில் முகாம் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டபோது, நாள் கணக்கில் சேற்றைத் தோண்டியவர்களில் முன்னால் நின்றவர்களும் அவர்களே.

இந்தப் பிள்ளைகளைக் கொண்டாட வேண்டும் என்றால் மாலையும் பொன்னாடையும் போதாது. கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைக்கப் போகிறார்கள், வைக்கட்டும், நானும் வருகிறேன். ஆனால், நம் வீடுகளைக் கொஞ்சம் பாருங்கள். திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கிரில், வாசலுக்குக் கிரில், அதற்கு மேல் இரண்டு பூட்டு. சாவி எங்கே? அப்பாவின் சட்டைப் பையில், இல்லாவிட்டால் அலமாரியில் துணிகளுக்கு அடியில். நடுநிசியில் மெத்தை பற்றினால் சில நிமிடங்களில் அறை நிறையப் புகை. நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். பொம்பா வந்து கிரிலை அறுக்கும் வரைக்கும் உள்ளே இருப்பவர்கள் தாங்க வேண்டுமே! பட்டணத்துச் சந்துகளில் காரை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டுப் போகிறோம், தீயணைப்புக் குழாயின் முன்னாலும் நிறுத்துகிறோம். பழைய லயத்து வீடுகளில் கூரைக்குக் கீழே தடுப்பே கிடையாது. ஒரு முனையில் பிடித்த நெருப்பு மறுமுனைக்குக் கூரை வழியே ஓடிவிடும். அங்கே இன்னும் குடியிருப்பவர்கள் ஒவ்வொரு வீட்டுச் சாமி விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அவசர உதவிக்கான 999 எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டு முகவரியை மலாயில் தெளிவாகச் சொல்லவும் பழக்குங்கள். தோட்டத்துப் பெயரை மட்டும் சொன்னால் போதாது, எந்தச் சாலையில் எந்த முச்சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அரசு வேலைக்கு நம்மை எடுக்க மாட்டார்கள் என்று வீட்டுத் திண்ணையிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். விண்ணப்பம் போடுங்கள். உடற்தகுதித் தேர்வுக்கு இன்றைக்கே ஓடத் தொடங்குங்கள். என் மாணவன் இரண்டு ஆண்டுகள் செம்பனைக் காட்டுச் சாலையில் விடியுமுன் ஓடினான். நாய்கள் துரத்திய நாட்களிலும் நிறுத்தவில்லை.

அணிவகுப்பு முடிந்து வீடு திரும்பிய அன்று மாலை அவன் செய்த முதல் வேலை, அம்மா வீட்டு வாசல் கிரிலுக்குப் பக்கத்தில், திருடன் கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டியதுதான். பிறகு என் வீட்டுக்கு வந்தான். காப்பி குடிக்கும் முன்பே, "சார், உங்கள் சாவி எங்கே?" என்று கேட்டான். சுத்தியலை அவனே கொண்டுவந்திருந்தான்.

வணக்கம்.