பக்க எண் என்ன என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விவசாயிக்கு என்ன விலை என்ற பேச்சு வந்தால், 'சாமிநாதன் கமிஷனே சொல்லிவிட்டது' என்று ஒருவர் சொல்வதை டீக்கடையிலோ தொலைக்காட்சி விவாதத்திலோ நீங்கள் கேட்டிருப்பீர்கள். என்ன சொன்னது, எந்த அறிக்கையில், எத்தனையாவது பக்கத்தில் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இத்தனைக்கும் அந்த அறிக்கைகள் எங்கேயும் பூட்டிக் கிடக்கவில்லை. ஒரு பைசா செலவில்லாமல் கைப்பேசியிலேயே படிக்கலாம்.

பாரி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இணையதளத்தைச் சொல்கிறேன். ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணகம் அது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கினார். முகவரி: ரூரல் இந்தியா ஆன்லைன், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக, பிறகு டாட் ஓ ஆர் ஜி. அதில் வரும் கட்டுரைகளைத் தமிழிலேயே படித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதே தளத்துக்குள் ஒரு நூலகமும் இருக்கிறது. அது அவ்வளவாக யார் கண்ணிலும் படுவதில்லை. அரசுக் குழுக்களின் அறிக்கைகள், கணக்கெடுப்புகள், சட்டங்கள், ஆய்வு நிறுவனங்களின் வெளியீடுகள் எல்லாம் முழு ஆவணமாகவே கிடைக்கும்.

ஓர் ஆவணத்தைத் திறந்தால் முதலில் ஒரு சுருக்கம் வரும். அடுத்து முக்கியத் தகவல்கள் சில. யார் வெளியிட்டார்கள், எந்தத் தேதியில், உரிமை யாருடையது என்பதும் இருக்கும். நம்மில் பலர் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறோம். இந்த ஆவணம் நமக்குத் தேவையா இல்லையா என்று முடிவு செய்வதற்குத்தான் சுருக்கம். மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் உள்ளே போய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன்? சாமிநாதன் கமிஷனையே எடுத்துக்கொள்வோம். அதன் சரியான பெயர் தேசிய விவசாயிகள் ஆணையம். 2004 நவம்பரில் அமைத்தார்கள், வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் தலைவர். 2004 டிசம்பரிலிருந்து 2006 அக்டோபர் வரை ஐந்து அறிக்கைகள் வந்தன. ஐந்து என்பதை மனதில் வையுங்கள். 'சாமிநாதன் அறிக்கை' என்று ஒற்றையாகத் தேடுகிறவர் முதலில் கண்ணில் படுவதைத் திறந்து, விலை பற்றி அதில் ஒன்றும் காணோமே என்று மூடிவிடுவார். விலையைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்துக்கு நீங்கள் திறக்க வேண்டியது ஐந்தாவது, கடைசி அறிக்கை.

அந்த வாக்கியம் என்ன சொல்கிறது? குறைந்தபட்ச ஆதரவு விலை, சாகுபடிச் செலவின் எடையிட்ட சராசரியைவிட 50 விழுக்காடாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். எந்தச் செலவு? அந்த வாக்கியத்தில் ஏ2 என்றும் இல்லை, சி2 என்றும் இல்லை. அதற்குப் பிறகு நடந்த சண்டை முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான்.

விதை, உரம், கூலி என்று விவசாயி கையிலிருந்து கொடுத்த செலவு ஏ2. வீட்டுக்காரர்கள் வயலில் பாடுபட்டதற்கு ஒரு கூலி மதிப்பிட்டு அதோடு சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பையும், சொந்த முதலுக்கான வட்டியையும் சேர்த்தால் சி2. மூன்றும் அரசே கணக்கிடுகிற செலவுகள்தாம். 2018-19 சாதாரண ரக நெல்லைப் பாருங்கள். ஏ2 கூட்டல் எஃப்எல், குவிண்டாலுக்கு 1,166 ரூபாய். அதன் ஒன்றரை மடங்கு 1,749. அரசு அறிவித்த ஆதரவு விலை 1,750. 'ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம்' என்று அரசு சொன்னது. சி2 செலவோ 1,560 ரூபாய். அதற்கு ஒன்றரை மடங்கு 2,340. 'கொடுக்கவில்லை' என்று விவசாயச் சங்கங்கள் சொன்னன. குவிண்டாலுக்கு 590 ரூபாய் வித்தியாசம். இரண்டு தரப்புமே சாமிநாதன் பெயரைத்தான் சொன்னார்கள்! 2007-ல் வெளியான தேசிய விவசாயிகள் கொள்கையில் இந்த 50 விழுக்காட்டுப் பரிந்துரை சேர்க்கப்படவே இல்லை என்பது தனிக் கதை. ஆணையத்தின் பரிந்துரை வேறு, அரசு ஏற்ற கொள்கை வேறு. இரண்டும் தனித்தனி ஆவணம், இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், பக்க எண் கேளுங்கள். நீங்கள் எழுதும்போதும் பக்க எண் கொடுங்கள். பிடிஎஃப் கோப்பு காட்டும் எண்ணும் தாளில் அச்சான எண்ணும் ஒன்றாக இருக்காது. முன்னுரையும் பொருளடக்கமும் ரோமன் எண்ணில் ஓடியிருக்கும். அச்சான எண்ணையே கொடுங்கள்.

தேடுவதில் சில சிக்கல்கள் உண்டு. துறைகளின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. திட்டக்குழுவின் இடத்தில் 2015 ஜனவரியில் நிதி ஆயோக் வந்தது. மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020-ல் கல்வி அமைச்சகமானது. 2012-ல் வந்த கல்வி அறிக்கையைக் கல்வி அமைச்சகம் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? அறிக்கை வந்த ஆண்டில் துறைக்கு என்ன பெயரோ அதைப் போட்டுத் தேடுங்கள்.

கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேடுகிறீர்கள், 'இல்லை' என்று வருகிறது. உடனே நம்பிவிடாதீர்கள். பல பழைய அறிக்கைகள் வெறும் ஸ்கேன் படங்கள், கணினிக்கு அதில் எழுத்தே தெரியாது. ஒரு வரியைத் தொட்டு நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது படம், கண்ணால்தான் தேட வேண்டும். தமிழ் ஆவணங்களில் இன்னொரு தொல்லை. நம் அரசுத் துறைகள் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள் இருக்கின்றனவே, அவற்றைத் தமிழ்நாடு அரசின் தளத்தில் தமிழிலேயே படிக்கலாம். ஒருங்குறி, அதாவது யுனிகோட், வராத காலத்து எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பாக இருந்தால், திரையில் அழகான தமிழ் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தேடலிலும் சிக்காது. அங்கே எழுத்துரு மாற்றி உதவும். அதுவும் சரிவராவிட்டால், பக்கத்தைப் படமாக்கி, தமிழ் தெரிந்த டெசராக்ட் போன்ற இலவச எழுத்துணரியில் கொடுக்கலாம்.

அட்டவணை படிக்கிறவர்களுக்கு ஒன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்டத் தாள்களில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 பேரிடம் மட்டும் கேட்டு வந்த விழுக்காடு அது. 25 பேருக்கும் குறைவென்றால் எண்ணே இருக்காது, நட்சத்திரக் குறிதான். அடைப்புக்குறியைத் தூக்கிவிட்டு அந்த எண்ணைத் தலைப்புச் செய்தியாக்குவது சரியில்லை.

இனி, நூலகத்துக்கு நாம் செய்யக்கூடியது. அரசுத் தளங்களை மாற்றியமைக்கும்போதெல்லாம் பழைய லிங்க்குகள் அறுந்துபோகின்றன. ஆகவே ஓர் அறிக்கையைப் பயன்படுத்துகிற அன்றே அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க அமைப்பு 1996-லிருந்து இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. வெப் டாட் ஆர்க்கைவ் டாட் ஓ ஆர் ஜி, சாய்வுக்கோடு, சேவ் என்று போனால் ஒரு பெட்டி வரும். அதில் முகவரியை ஒட்டினால், தேதியும் நேரமும் பதிந்த நிலையான முகவரி ஒன்று கிடைக்கும். இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம்: அறிக்கைகளின் பட்டியல் உள்ள பக்கத்தைச் சேமிக்கிறார்கள், அறிக்கையைச் சேமிப்பதில்லை. பிடிஎஃப் கோப்பின் சொந்த முகவரியை ஒட்ட வேண்டும். சேமித்த பிறகு அதைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். சில அரசுத் தளங்கள் வெளிநாட்டிலிருந்து வரும் கோரிக்கையை ஏற்பதில்லை, அப்போது இந்த வழி தோற்கும். கோப்பை நீங்கள் இறக்கி, ஆர்க்கைவ் தளத்தில் கணக்கு தொடங்கி, நேரடியாக ஏற்றிவிடலாம்.

வீட்டு அலமாரியில் அச்சு அறிக்கை வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வையுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடுங்கள். முத்திரையும் பென்சில் குறிப்பும் அழியாது. வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், விட்டால் பக்க வரிசை குழம்பும். பின்னிணைப்புகளை விட்டுவிடுகிறார்கள் பலர், எண்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கோப்புக்கு ஆண்டு, துறை, தலைப்பு என்ற வரிசையில் பெயர் வையுங்கள். 'ஸ்கேன் 001' என்ற பெயரில் வரும் கோப்பை எந்த நூலகரும் அடையாளம் காண முடியாது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். காப்புரிமையைச் சொல்லாமல் போக முடியாது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, அரசு அமைத்த குழுவின் அறிக்கை சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்கப்பட்டிருந்தால் அதை மறுபதிப்பு செய்யலாம், அரசு தனியாகத் தடை போட்டிருந்தால் ஒழிய. தனியார் நிறுவன அறிக்கைக்கு இது பொருந்தாது. உரிமம் அனுமதித்தால் ஏற்றுங்கள், இல்லையென்றால் லிங்க் மட்டும் கொடுங்கள்.

நன்கொடையும் மொழிபெயர்ப்பும் விரிவாகப் பேச நினைத்தவை. ஒரு வரியில் சொல்கிறேன்: மொத்தமாக ஒருமுறை கொடுப்பதைவிட மாதாமாதம் வரும் சிறு தொகை இப்படிப்பட்ட தளத்துக்கு உதவும், ஏனென்றால் சர்வர் வாடகையும் சம்பளமும் மாதாமாதம் வருகிற செலவு. மொழிபெயர்க்க விருப்பமுள்ளவர்கள் பாரிக்கு நேரடியாக எழுதலாம். நன்றி, வணக்கம்.